செவ்வாய்க்கிழமை முட்டை அப்பம்

போன் அடித்தபோது ஒரு கையில் சட்டியும் ஒரு கையில் கரண்டியும் வைத்திருந்தேன். திரையில் ‘பாஸ்’ என்று வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, அவர் கூப்பிடுகிற நேரம்தான். கரண்டியை வைத்துவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வாராவாரம் சொல்வதையே சொன்னேன். “முட்டை தீர்ந்து போச்சு பாஸ். முருகன் வந்து எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டாரு.”

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

“அக்கா, நான் வசந்தி பேசறேன்,” என்றார் பாஸ் ரவியின் மனைவி. “அவரு போயிட்டாரு அக்கா. ஆபீசுக்குக் கிளம்பினாரு. சட்டை பட்டன் போட்டுக்கிட்டே கட்டில்ல உட்கார்ந்தாரு. அவ்வளவுதான்.”

அடுப்பில் இருந்த அப்பம் எல்லாம் கருகியது. ஓயாமல் வம்பு பேசுகிறவள் வாயை மூடிவிட்டால் ஏதோ நடந்துவிட்டது என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஓர் அம்மா மட்டும் என் கையிலிருந்து சட்டியை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார்.

ரவியின் குடும்பம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர்கள் வழக்கப்படி, முப்பத்தொன்றாம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் ஒரு நினைவு மலர் கொடுப்பார்கள். அதில் நானும் எழுத வேண்டும் என்று வசந்தி சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “டாக்டரு, வக்கீலு எல்லாம் எழுதுற புத்தகத்துல அப்பக்காரிக்கு என்ன வேலை? நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலாவதோட நின்னவ.” வசந்தி விடவில்லை. “அவங்க எல்லாம் அவரு சின்னப் பிள்ளையா இருந்ததை எழுதுவாங்க. ஆபீசுல என்ன பண்ணாருன்னு உங்களுக்குத்தான் தெரியும். பேசற மாதிரியே எழுதுங்க.” அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் கிண்டல் வந்தால் மன்னியுங்கள். அவரோடு வேறு மாதிரி நான் பேசியதே இல்லை.

உங்களில் பலர் ரவீந்திரனைத் தம்பி என்பீர்கள், சித்தப்பா என்பீர்கள். நான் பாஸ் என்பேன். பசார் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், கீழே அஞ்சடி நடைபாதையில் என் அப்பக் கடை. மேல்மாடியில் அவருடைய கம்பெனி. விடியோ கேம் செய்கிற கம்பெனி. அவரும் கெல்வின் என்ற கூட்டாளியும் ஆரம்பித்தது. முதலில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாள், கேடயம், தலைக்கவசம். படம் வரைகிற மெய் லிங் ஒரு நாள் அப்பம் வாங்க வந்தபோது, “அக்கா, இந்த மாசம் முழுக்க நான் பூட்ஸ் மட்டும்தான் வரையறேன்,” என்று அழாத குறையாகச் சொன்னாள். “யாரு காலுக்கு?” என்று கேட்டேன். “தெரியாது அக்கா. காலை இன்னொரு கம்பெனிக்காரன் வரையறான்.”

அந்தக் காலத்தில் ரவி என் கடை முன்னால் வந்து நிற்பார். வாங்கிக்கொண்டு போகமாட்டார், நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். மாவு ஊற்றுவதை, சட்டியைச் சுழற்றுவதை, வருகிறவர்களிடம் நான் வம்பு பண்ணுவதை. “என்ன பாஸ், கடை வாங்கப் போறீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க அம்மா பாலப்பம் சுட்டா நடுவுல பால் அப்படியே நிக்கும் அக்கா,” என்றார்.

“நிக்கட்டும். என் கடையில ஆளு நிக்குது, பார்த்தீங்களா?”

சிரித்துவிட்டு மேலே போனார். கொஞ்ச நாளில் கம்ப்யூட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். உள்ளே ஒரு சின்ன அப்பக் கடை. கரி அடுப்பு, மூடி, நாற்காலி. ஆட்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். விளையாடுகிறவர் அப்பம் சுட்டுக் கொடுக்க வேண்டும். கடைக்காரிக்குக் கொண்டை, மூக்குத்தி, என்னை மாதிரியே இடுப்பு. “இவ்வளவு குண்டா நானு?” என்று கேட்டேன். “மெய் லிங் இன்னும் குண்டா வரைஞ்சிருந்தா. நான்தான் குறைக்கச் சொன்னேன்,” என்றார். அதற்குக் குரலும் நானே கொடுக்க வேண்டும் என்றார்கள். சாமான் அறையில் மெத்தையைச் சுற்றி வைத்து, என்னை நடுவில் உட்கார வைத்து, வாயில் வந்ததைப் பேசச் சொன்னார்கள். “அவசரமா? பஸ்ஸு போயிருச்சா? அப்ப உட்காருங்க லா.” “புங்குஸா, பொட்டலம் கட்டணுமா? வீட்டுல யாரு இருக்கா, பொய் சொல்லாதீங்க.” எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் இன்றைக்கும் இதைக் கேட்கிறார்கள். அர்த்தம் தெரியாவிட்டாலும் திட்டு வாங்குகிறோம் என்று புரிகிறதாம்.

கேம் வெளிவந்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பட்டாசு இல்லை, போஸ்டர் இல்லை. கெல்வின் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்பம் தின்றார். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், தமிழில் சொன்னால் இப்படி வரும்: “அக்கா, கேம்னா ரிலீஸ் அன்னிக்கே உலகம் பூரா பேசணும். அதுதான் பிளாக்பஸ்டர். இது என்ன, எறும்பு மாதிரி ஊர்ந்து போகுது?” நானும் கெல்வின் கட்சிதான். “ஆமா பாஸ், தைப்பூசம் மாதிரி ஒண்ணு போடுங்க. தண்ணீர்மலைக் கோயில்ல ஒரு நாள் கடை போட்டா எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போகும், அவ்வளவு கூட்டம்.”

ரவி அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை. “தைப்பூசக் கூட்டம் முருகனைப் பார்க்க வருது அக்கா. வழியில உங்க கடை இருந்தது, அவ்வளவுதான். ஒண்ணுமே இல்லாத செவ்வாய்க்கிழமை வர்றான் பாருங்க, அவன்தான் உங்களைப் பார்க்க வர்றான்.”

எனக்குச் செவ்வாய்க்கிழமை மந்தமான நாள் என்று அவருக்குத் தெரியும். எங்கள் சந்தில் பாதிப் பேர் முருகனுக்கு அன்று கவுச்சி தொடமாட்டார்கள். முட்டை அப்பம் ஓடாது. அதை அப்படியே கேமிலும் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை வந்தால் கேமில் யாரும் முட்டை கேட்கமாட்டார்கள். வாங்கி வைத்த முட்டை வீணாகும். வெளிநாட்டில் விளையாடுகிறவர்கள், கேம் கெட்டுப்போய்விட்டது, திருத்துங்கள் என்று எழுதினார்கள். கெல்வினும் திருத்திவிடலாம் என்றார். ரவி கேட்கவில்லை. “இது கோளாறு இல்ல, நாள். கொஞ்ச நாள் போகட்டும், அவங்களே கண்டுபிடிப்பாங்க.” கண்டுபிடித்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு, திங்கட்கிழமை முட்டை வாங்காதே என்று அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்தே ஆள் சேர்ந்தது.

வியாபாரத்தில் அவர் வழி இதுதான். வாரம் ஒரு மாற்றம், அதுவும் செவ்வாய்க்கிழமை. பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு வாரம் மழை பெய்யும். ஒரு வாரம் சந்தில் புதுப் பூனை வரும். ஒரு வாரம், கடலுக்கு அக்கரையில் இருக்கிற பிறையில் பேக்டரி வேலை முடித்து ஃபெரி ஏறி வந்து எங்கள் சந்தில் அப்பம் வாங்குகிற பெண், அதே யூனிபார்மோடு கேமுக்குள் வந்து நிற்பாள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இதெல்லாம் இலவசம். “வாங்கினவனுக்கே ஏன் திரும்பத் திரும்பக் கொடுக்கறீங்க? புது ஆளைப் பிடிங்க,” என்று கேட்டேன். “இவன்தான் அக்கா புது ஆளைக் கூட்டிட்டு வர்றவன்,” என்றார். பண்டிகை வந்தால் மற்ற கேமெல்லாம் பாதி விலைக்குப் போகும். இவர் குறைக்கமாட்டார். “சாயங்காலம் நீங்க பாதி விலைக்கு அப்பம் கொடுத்தா, காலையில யாரு வருவா?” நான் ஒரு நாளும் கொடுத்ததில்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த கருப்பையா அண்ணன் என் கடை ஓரமாக உட்கார்ந்திருப்பாரே, சிலருக்கு ஞாபகம் இருக்கும். அவரும் கேமில் இருந்தார். முதல் அப்பம் அவருக்குத்தான். நிஜத்தில் அவர் இறந்தபோது, கேமில் என்ன செய்வது என்று மேல்மாடியில் பேச்சு வந்தது. எடுத்துவிடலாம் என்றார் ஒருவர், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் இன்னொருவர். ரவி ஆளை எடுத்தார், நாற்காலியை எடுக்கவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவும் இல்லை. விளையாடுகிறவர்களில் பலர் தாங்களாகவே தினம் முதல் அப்பத்தைச் சுட்டு அந்தக் காலி நாற்காலி முன்னால் வைக்க ஆரம்பித்தார்கள். மெய் லிங் அதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். அன்றைக்கு என்னாலும் கிண்டல் பண்ண முடியவில்லை.

இப்போது எனக்கு ஆறாத கதைக்கு வருகிறேன்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பெரிய கேமுக்குப் பணம் போட வந்தது. நெருப்புக் கக்கும் பறவைகள், கோட்டை, சண்டை. ரவி முதலில் தலையாட்டவில்லை. ஆனால் அவரிடம் வேலை பார்த்த இளவட்டங்கள் ஒவ்வொருவராகக் கோலாலம்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பம் வரைந்து வயசாகிவிட்டால் பிறகு யார் வேலை கொடுப்பார்கள் என்று அவர்களுக்குப் பயம். அது நியாயமான பயம்தான். மெய் லிங்கும் ராஜினாமாக் கடிதம் நீட்டிய அன்று அவர் கீழே வந்து என் முக்காலியில் உட்கார்ந்தார். “ஆளே இல்லாம செவ்வாய்க்கிழமை கடை திறக்க முடியாது அக்கா,” என்றார். மறுநாள் கையெழுத்துப் போட்டார். மெய் லிங் போகாமல் இருந்துவிட்டாள்.

பணம் போட்ட கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது: அப்பக் கடையை நிறுத்துங்கள், எல்லாக் கையும் பெரிய கேமுக்கு வேண்டும். அதற்கு மட்டும் அவர் மசியவில்லை. “அதை மூடச் சொன்னா நான் கீழே போய் அக்காவுக்கு மாவு கரைப்பேன்,” என்று அவர்களிடமே சொன்னாராம். எனக்கு இது தெரிந்தபோது, “உங்களை எவன் வேலைக்கு வெச்சான்? மாவு புளிச்சிடும்,” என்றேன். சிரித்தார். ஆனால் பிடிவாதத்துக்கு விலை அவர்தான் கொடுத்தார். மற்றவர்கள் வருமுன் விடியலில் வந்து தனியாக அப்பக் கடையைப் பார்ப்பார். பிறகு நாள் முழுக்கப் பறவையும் கோட்டையும். செவ்வாய்க்கிழமை மாற்றம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. முகம் வற்றிக்கொண்டே வந்தது. சட்டை அவர் மேல் காயப் போட்ட மாதிரி தொங்கியது. “டாக்டரைப் பாருங்க பாஸ்” என்றால், “ரிலீஸ் முடியட்டும்” என்பார்.

அந்த நாட்களில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மேலேயிருந்து போன் போட்டார். “அக்கா, ஒரு முட்டை அப்பம்.”

“இன்னிக்கு என்ன கிழமை தெரியுமா? முருகன் கோவிச்சுக்க மாட்டாரா?”

“முருகனுக்குத் தெரியும், அக்காகிட்ட முட்டை மிஞ்சிடும்னு.”

அன்றிலிருந்து எல்லாச் செவ்வாயும் இது நடந்தது. அவர் கேட்பார். நான் “தீர்ந்து போச்சு, முருகன் வாங்கிட்டுப் போயிட்டாரு” என்பேன். அவர் சிரிப்பார். பிறகு நான், “சரி சரி, வாங்க, உங்களுக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்” என்பேன். அவர் இறங்கி வருவார். அந்தச் சந்திலேயே செவ்வாய்க்கிழமை முட்டை தின்ற தமிழர் அவர் ஒருவர்தான்.

பெரிய கேம் வெளிவந்தது. முதல் இரண்டு நாள் மேல்மாடியே ஆடியது. கெல்வின் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை; தூக்க முடியாது என்பது வேறு விஷயம். அதே வாரம் இன்னும் பெரிய கம்பெனி ஒன்று இன்னும் பெரிய கேமை வெளியிட்டது. கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மாதம் முடிவதற்குள் அதைப் பற்றிப் பேச ஆளில்லை. பணம் போட்டவர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். ரவி முக்காலியில் வந்து உட்கார்ந்து சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தைப்பூசம் முடிஞ்சிருச்சு அக்கா,” என்றார். “ரோட்டுல தேங்கா ஓடுதான் கிடக்கு.”

“கூட்டிப் போடுவோம் பாஸ். நான் விளக்குமாறு எடுத்துட்டு வரேன்.”

“பெரிசு தோத்தது வருத்தமில்ல. இந்தப் பிள்ளைங்களோட ஒரு சின்னக் கேம் செஞ்சிருப்பேன், அப்புறம் இன்னொண்ணு செஞ்சிருப்பேன். அந்த நாளெல்லாம் போயிருச்சே.”

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே புலம்பல் அது. அதற்கப்புறம் மேல்மாடிக்கு வாடகை கட்டியதும், மிஞ்சிய ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்ததும், எறும்பு மாதிரி ஊர்ந்த அப்பக் கடைதான். கெல்வின் இப்போது அதை எறும்பு என்று சொல்வதில்லை. “பாஸு சொன்னது சரி” என்று நான் அவர் காதுபடச் சொல்லிக் காட்டியபோதும், ரவிதான் “விடுங்க அக்கா, அவரு ஆசைப்பட்டதும் தப்பில்ல” என்றார்.

அடுத்த கேமுக்கு யோசனை வைத்திருந்தார். ஃபெரியைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வசந்தியைக் கூட்டிக்கொண்டு அக்கரையில் பட்டர்வொர்த் வரை போய், இறங்காமல் அதே ஃபெரியில் திரும்பி வருவார். “ஃபெரியில வர்றவங்க எங்க போறாங்கன்னு யாரும் கேட்கமாட்டாங்க அக்கா. கேட்டா கதை வரும்,” என்பார். முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. பழைய சிரிப்பு வந்திருந்தது. டாக்டரையும் பார்த்துவிட்டதாகத்தான் சொன்னார். பார்த்தாரோ இல்லையோ. அவர் விரும்பின மாதிரி வேலை செய்ய இப்போதுதான் நேரம் வந்தது, அதற்குள் ஆள் இல்லை. இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை.

அவர் போன அந்தச் செவ்வாய்க்கிழமை கேமில் எந்த மாற்றமும் வரவில்லை. ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. விளையாடுகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: கடைக்கு என்ன ஆச்சு, கடையில் எல்லாரும் நல்லா இருக்கிறீர்களா? கெல்வின் அதைப் படித்துக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிறுத்திவிடலாமா, வேறு யாருக்காவது விற்றுவிடலாமா என்று மேல்மாடியில் பேச்சு இருந்தது எனக்குத் தெரியும். வாராவாரம் அந்தப் பொறுமைக்கு ஆள் வேண்டுமே.

மெய் லிங்தான் கீழே வந்தாள். “நான் பார்த்துக்கறேன்னு கெல்வின்கிட்ட சொல்லிட்டேன் அக்கா. ஆனா முதல் மாற்றம் என்ன செய்யறதுன்னு தெரியல. பாஸுக்கும் ஒரு காலி நாற்காலி போட்டுடலாமா?”

எனக்கு அது பிடிக்கவில்லை. கருப்பையா அண்ணன் தினம் வந்தவர், அதனால் நாற்காலி காலியானது தெரிந்தது. ரவி கேமுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. எத்தனையோ தடவை மெய் லிங் அவரை வரைகிறேன் என்றாள். “கடைக்காரன் வரிசையில நிக்கக் கூடாது, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றே தள்ளிப் போட்டார். வராத ஆளுக்கு எப்படி நாற்காலி போடுவது? “ஆளா வரட்டும்,” என்றேன். “செவ்வாய்க்கிழமை மட்டும் வரட்டும். வந்து முட்டை அப்பம் கேட்கட்டும்.”

அவள் வரைந்தாள். தொங்கின சட்டை வேண்டாம், நல்லா இருந்த முகத்தைப் போடு என்று வசந்தி சொன்னார். அவர் குரல் எங்கேயும் பதிவாகவில்லை. எங்களை எல்லாம் பேச வைத்துப் பதிவு செய்த மனிதர் தன் குரலை ஒரு வார்த்தைகூட வைத்துவிட்டுப் போகவில்லை. அதனால் கேமில் அவர் பேசுவதில்லை. வந்து நிற்பார், தலையை ஆட்டுவார்.

நான் பேச வேண்டியிருந்தது. மறுபடியும் அதே சாமான் அறை, அதே மெத்தை. கதவுக்கு வெளியே வசந்தி உட்கார்ந்திருந்தார். “முட்டை தீர்ந்து போச்சு பாஸ், முருகன் வந்து எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டாரு,” என்றேன். சுலபமாக வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் சிரிக்கிற இடம். பழக்கத்தில் அங்கே நிறுத்திவிட்டேன். மெய் லிங் பதிவை நிறுத்தாமல் காத்திருந்தாள். அன்றைக்குப் போனில் சொல்ல முடியாமல் போன மீதியை அங்கே உட்கார்ந்து சொன்னேன்.

“சரி சரி, வாங்க. உங்களுக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்.”

இப்போது கேமில் செவ்வாய்க்கிழமை ஒரே ஒருவர் முட்டை அப்பம் கேட்கிறார். விளையாடுகிறவர்கள் அவருக்காகத் திங்கட்கிழமையே ஒரு முட்டை வாங்கி வைக்கிறார்கள் என்று மெய் லிங் சொன்னாள். நானும் இங்கே கீழே ஒன்று எடுத்து வைக்கிறேன். யாரும் கேட்பதில்லை. நானும் அன்று கவுச்சி தொடமாட்டேன். புதன்கிழமை காலை அதை உடைத்து முதல் சட்டியில் ஊற்றி, முதலில் வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.